தாதுமலையின் கறுப்புக் கல்

டொலர் என்னும் சொல்லை அறியாதார் இன்று உலகில் அரியர். அச்சொல் பிறந்த ஊரை அறிந்தோரும் அரியரே. பொகீமியாவுக்கும் சக்சனிக்கும் இடையே, இன்றைய செக் குடியரசினதும் ஜேர்மனியினதும் எல்லையாக, நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்றுண்டு. ஜேர்மானியர் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் தாதுமலை எனலாம். அதன் தென்சரிவில் 1516ஆம் ஆண்டில் ஷ்லிக் என்னும் பிரபு குடும்பத்தார் ஒரு பட்டினத்தை நிறுவினர். யோவாக்கிம்ஸ்தால், அதாவது யோவாக்கிமின் பள்ளத்தாக்கு, என அது அழைக்கப்பட்டது. செக் மொழியில் யாக்கிமோவ் என்பர். அங்கு அகழ்ந்த வெள்ளியிற் பொறித்த நாணயம் ஊரின் பெயராலேயே யோவாக்கிம்ஸ்தாலர் எனப்பட்டு, தாலர் எனக் குறுகி, ஒல்லாந்தர் வாய்ப்பட்டு, ஆங்கிலத்திற் புகுந்து டொலர் ஆயிற்று. வெள்ளியை நாடித் திரண்ட மக்களின் தொகை இரண்டு தசாப்தங்களுக்குள் 18,000 அளவை எட்டியது. பொகீமியாவிற் பிராக் நகருக்கு அடுத்த பெரும் பட்டினமாக அது விளங்கிற்று.

நாணயத்தின் கதையை நாம் இங்கு நீட்டப் போவதில்லை. அதே மலையின் வயிற்றில் வெள்ளியோடு ஒட்டிக் கிடந்த கறுப்புக் கல் ஒன்றின் கதையே எமது பொருள். அக்கல்லை அகழ்ந்தோர் எவ்வாறு இறந்தனர்? அவர்கள் இறக்குங் காரணம் எப்போது அறியப்பட்டது? அறியப்பட்ட பின்னரும் அவர்கள் ஏன் இறந்தனர்? இவ்வினாக்களுள் இறுதியானது, உழைப்போரின் பக்கம் நின்று வரலாற்றை நோக்க விழையும் எமக்குச் சிறிது சங்கடந் தருவது. சங்கடந் தருகிறதென்பதனால் அதனை விலக்கிச் செல்லுதல் முறையாகாது.

1527ஆம் ஆண்டில் யோவாக்கிம்ஸ்தாலுக்கு ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தார். அக்ரிக்கோலா என்னும் இலத்தீன் பெயரால் உலகம் அவரை அறியும். நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தைச் சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் கழித்தவர் அவர். உலோகத் தொழில் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல், வெளிவந்தது. நீரிறைக்கும் பொறிகளும், தாதை இடிக்கும் உலக்கைகளும், நிலத்தின் அடியிற் காற்றைச் செலுத்தும் துருத்திகளும் விசிறிகளும் மரச்செதுக்குப் படங்களோடு அதில் விளக்கப்பட்டுள்ளன. தொழிலாளரின் நோய்களுக்கும் அந்நூலில் இடமுண்டு. சுரங்கத் தூசு நுரையீரலை அரித்து உடலை உருக்குவதை அவர் எழுதியுள்ளார். கார்ப்பேத்திய மலைச் சுரங்கங்களை அண்டி வாழ்ந்த பெண்களுள் அடுத்தடுத்து ஏழு கணவரை மணந்து, எழுவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்தோர் இருந்தனர் எனவும் குறித்துள்ளார். அவர் காலத்தவரான பராசெல்சஸ் சுரங்கத் தொழிலாளரின் நோய் பற்றித் தனிநூலே எழுதினார். அது 1567இல் அச்சேறியது.

அக்ரிக்கோலாவின் நூலை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்த்து 1912இல் வெளியிட்டவர்கள் ஹேர்பேர்ட் ஹூவர் என்னும் சுரங்கப் பொறியியலாளரும் அவர் மனைவியாரும் ஆவர். பதினேழாண்டுகளின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பதவியேற்றவர் அதே ஹூவர்தாம். தாதுமலைத் தொழிலாளரின் நோய் ஏதோ மறைவான கிராமத்துச் செய்தி என்று பிற்காலத்தில் எவரேனும் கூறின், அதனை நாம் நம்ப வேண்டியதில்லை.

வெள்ளி வற்றத் தொடங்கிய இடங்களிற் கறுத்துக் கனத்து, கீல் பூசியது போன்ற மினுமினுப்புடைய ஒரு கல் தோன்றும். ஜேர்மன் மொழியிற் கீலைக் குறிக்கும் சொல்லே துரதிர்ஷ்டத்தையும் குறிக்கும். அச்சொல்லையே முன்னொட்டாக்கித் தொழிலாளர் அக்கல்லைப் பெக்பிளெண்டு என்றனர். அது தோன்றினால் வெள்ளி முடிந்தது என்பது அவர்கள் அனுபவம். ஆகவே அதனைக் கழிவோடு கழிவாக வீசினர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே 1789ஆம் ஆண்டில், பேர்லினிற் கிளாப்ரோத் என்னும் இரசாயனவியலறிஞர் அக்கல்லில் இதுவரை அறியப்படாத ஒரு மூலகம் இருப்பதைக் கண்டார். எட்டாண்டுகளுக்கு முன்னர் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் என்னுங் கோளின் பெயரால் அதனை யுரேனியம் என அழைத்தார். அடுத்த நூறாண்டுகளும் யுரேனியத்தின் பயன், கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பச்சையுமான நிறமூட்டுவதே. அதற்கென யோவாக்கிம்ஸ்தாலில் ஒரு தொழிற்சாலையும் எழுந்தது. சீமான்களின் மேசையிற் பச்சையொளி சிந்திய கிண்ணங்கள் அதன் விளைவு.

யுரேனியம் கதிர் வீசுவதை 1896இற் பெக்கறெல் கண்டார். 1898இற் கியூரி தம்பதிகள் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டனர். இக்கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிற் சொல்கின்றோம். ஒழுகும் கூரையின் கீழ், இரும்புக் கோலாற் கொப்பரையைக் கிளறி நிற்கும் மேரி கியூரியின் உருவம் எம் மாணவரின் மனத்தில் அழியாது நிற்பது; அவ்வாறு நிற்கத் தகுதியுடையதுங்கூட. ஆயின் அக்கொப்பரையில் இருந்தது எங்கிருந்து வந்தது என எந்தப் பாடநூலும் விரித்துக் கூறுவதில்லை. யோவாக்கிம்ஸ்தால் தொழிற்சாலை யுரேனியத்தைப் பிரித்தெடுத்தபின் காட்டோரத்திற் கொட்டி வைத்திருந்த கபிலநிறக் கழிவு அது. பைன் மரச் சருகுகள் அதிற் கலந்திருந்தன. தொன் கணக்கான அக்கழிவிலிருந்து 1902இல் அவர் பிரித்தெடுத்த ரேடியம் உப்பு ஒரு கிராமின் பத்திலொரு பங்கு. அக்கழிவைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றிய ஒருவரின் பெயரேனும் விஞ்ஞான வரலாற்றில் இல்லை.

ஈழத்து வாசகர்க்கு ஒரு சிறு செய்தி. எமது சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த தோரியனைற்று என்னும் கதிர்வீசுங் கனிப்பொருள் 1904ஆம் ஆண்டில் அறிவுலகுக்கு அறிமுகமானதில், அப்போது இங்கு கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமிக்குப் பங்குண்டு. கலைத்துறையிற் புகழ் பெறுமுன் அவர் கல்லாராய்ச்சி செய்தவர். இலங்கைக் கல்லை இலண்டனில் ஆராய்ந்து 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்ட இளைஞரான ஒட்டோ ஹான், முப்பத்து மூன்றாண்டுகளின் பின்னர் யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறுவதைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர்.

தாதுமலைக்கு மீள்வோம். மலையின் வடசரிவில், சக்சனிப் பக்கத்தில், ஷ்னேபெர்க் என்னும் சுரங்கப் பட்டினம் உண்டு. 1879இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸெ என்னும் இரு வைத்தியர் அங்குள்ள தொழிலாளரைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். இவர்களுள் ஹெஸ்ஸெயின் துணைவியாரே, நுண்ணுயிர்களை வளர்க்க அகார் என்னும் கடற்பாசிக் கூழை ஆய்வுகூடத்திற்கு அறிமுகஞ் செய்தவர். சுரங்கத் தொழிலாளரின் மரணங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று, நுரையீரலில் வளரும் கொடிய கட்டியினால் நிகழ்வதை இரு வைத்தியரும் காட்டினர். ரேடியம் என்ற சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை. காரணம் தெரியாவிடினும் நோய் இன்னதெனத் தெரிந்துவிட்டது. தொழிலினால் விளையும் நுரையீரற் புற்றுநோய் பற்றிய முதல் ஆய்வு இதுவெனலாம்.

காரணமும் விரைவில் தெரியவந்தது. யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகின்றது. ரேடியம் சிதைந்து ரேடன் என்னும் வாயுவாகின்றது. மணமும் நிறமும் அற்ற இவ்வாயு பாறை வெடிப்புகளினூடே கசிந்து காற்றிற் கலக்கின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாட்கள். அது சிதையும்போது தோன்றும் பொலோனியம் முதலியன வாயுக்களல்ல, திண்மங்கள். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு உட்சென்று நுரையீரலின் சவ்வில் தங்கி, அங்கிருந்தவாறே அல்பாக் கதிர்களை வீசும். வெட்டவெளியில் இவ்வாயு காற்றோடு கரைந்துவிடும். காற்றோட்டமற்ற நிலக்கீழ்ச் சுரங்கமோ அதற்கு ஒரு குடுவை. 1924இல் லூடெவிக், லோரென்சர் என்போர் ஷ்னேபெர்க் சுரங்கங்களின் ரேடனை அளந்து, நோயின் காரணம் இதுவாகலாம் என்றனர். மறு ஆண்டிலேயே ஜேர்மன் அரசு ‘ஷ்னேபெர்க் நுரையீரல் நோய்’ என்ற பெயரோடு அதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. 1932இற் செக் வைத்தியர்களான பிர்கானும் ஷிக்கிலும் யாக்கிமோவ் தொழிலாளரின் உடல்களைப் பரிசோதித்துப் புற்றுநோயை உறுதி செய்தனர்.

1925, 1932 ஆகிய இவ்விரு ஆண்டுகளையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த யாவற்றையும் இவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது.

1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் எரிந்தன. அக்குண்டுகளுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவின் ஷிங்கொலொப்வே சுரங்கத்திலிருந்து சென்றது. அங்கு உழைத்த ஆபிரிக்கரின் நோய் பற்றி ஷ்னேபெர்க்கிற் கிடைத்தது போன்ற ஒரு கணக்கை எவரும் எடுக்கவில்லை. குடியேற்றவாதம் உழைப்பைக் கணக்கிட்ட அளவுக்கு உழைத்தோரின் மரணத்தைக் கணக்கிட்டதில்லை. இதனைக் கூற நாம் தயங்குவதில்லை. எமக்கு இது எளிது.

எளிதல்லாதது இனி வருவது. 1945 நவம்பரிற் சோவியத் அரசும் செக்கோசிலவாக்கிய அரசும் யாக்கிமோவ் யுரேனியம் பற்றி இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. முதலிற் போர்க்கைதிகளான ஜேர்மானியர் அங்கு இறக்கப்பட்டனர். 1948இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் அவர்களுடைய இடத்திற்குச் சிறைக்கைதிகள் வந்தனர். குற்றவாளிகள் மட்டுமல்லர், அரசியற் காரணத்தாற் சிறைப்பட்ட விவசாயிகள், குருமார், மாணவர், நாசிகளை எதிர்த்துப் போரிட்டவர்கள் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். சுரங்க வாயில்களைச் சூழ முட்கம்பி முகாம்கள் எழுந்தன. அச்சுரங்கங்களுள் ஒன்றின் பெயர் ரோவ்நோஸ்த். சமத்துவம் என்பது பொருள். வேறொன்று பிராத்ர்ஸ்த்வீ, சகோதரத்துவம். வீக்மனோவ் முகாமிற் செங்கல்லாலான ஒரு கோபுரத்தில் கைதிகள் தாதை நொறுக்கித் தரம் பிரித்துப் பீப்பாய்களில் அடைத்தனர். தூசு மண்டிய அக்கட்டடத்திற்கு அவர்கள் வைத்த பெயர் சாவின் சிவப்புக் கோபுரம். 2019இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில், தாதுமலைச் சுரங்கப் பிரதேசத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

மலையின் மறுபுறத்தில், சோவியத் ஆதிக்கத்திலிருந்த ஜேர்மனியில், 1947இல் விஸ்மூத் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. விஸ்மூத் என்பது பிஸ்மத் உலோகத்தின் ஜேர்மன் பெயர். யுரேனியத்தை மறைக்க அப்பெயர் திரையாயிற்று. தொடக்கத்தில் தொழிற் கந்தோர்கள் ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்தனுப்பின. பின்னர் உயர்ந்த கூலியும் மேலதிக உணவுப் பங்கீடும் வரியற்ற மதுவும் ஆட்களை இழுத்தன. போர் அழித்த நாட்டில் வீடும் வேலையும் இழந்த இளைஞர் திரண்டு வந்தனர். 1950களின் தொடக்கத்தில் அங்கு உழைத்தோர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர். 1954இல் அது சோவியத்தும் கிழக்கு ஜேர்மனியும் சமபங்கு கொண்ட கூட்டு நிறுவனமாயிற்று. 1990 வரையிலான காலத்தில் அந்நிறுவனம் அகழ்ந்த யுரேனியம் இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேல்.

முதலெட்டு ஒன்பது ஆண்டுகளை ஜேர்மன் வரலாற்றாசிரியர் காட்டு ஆண்டுகள் என்பர். அப்போது பாறை உலர்ந்தபடியே துளைக்கப்பட்டது. துளைகருவியின் நுனிக்கு நீர் பாய்ச்சினால் தூசு எழாது சேறாக வழிந்துவிடும். இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சுரங்கத் தொழில் அறிந்த ஒன்று. காற்றை உட்செலுத்தும் விசிறியோ அக்ரிக்கோலாவின் நூலிற் படத்தோடு உள்ளது. இரண்டும் போதிய அளவிற் கையாளப்படவில்லை. 1950களின் நடுப்பகுதி வரை ரேடன் முறையாக அளக்கப்படவுமில்லை. விஸ்மூத்தின் சுரங்கங்களுட் பல, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நோயின் பெயரைச் சட்டத்தில் எழுதிவைத்த அதே ஷ்னேபெர்க்கைச் சூழ்ந்தே இருந்தன என்பதை நினைக்கையில் மனம் பதைக்கின்றது.

இவ்விடத்தில் எமது நண்பர் சிலர் ஒரு வாதத்தை முன்வைப்பர். அணுகுண்டு ஒரே வல்லரசின் ஏகபோகமாக இருந்த காலம் அது. இரு நகரங்களை எரித்த கை மூன்றாவதை எரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம் இருந்தது? நாசிகளுடனான போரில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களை இழந்த ஒரு நாடு அவசரப்பட்டதென்று இன்று நாற்காலியில் இருந்து குறைகூறுவது எளிது என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அதனை நாம் எள்ளி ஒதுக்கமாட்டோம். ஆயின் யுரேனியம் ஏன் அகழப்பட்டது என்பதற்கே அது விடை. துளைகருவிக்கு நீர் ஏன் பாய்ச்சப்படவில்லை என்பதற்கு அது விடையன்று. சோவியத்தின் முதற் குண்டு 1949 ஓகஸ்டிற் சோதிக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்காக உலர்துளைப்பு நீடித்தது. சிறைக்கைதிகளைச் சமத்துவம் என்னுஞ் சுரங்கத்தில் இறக்கியதற்கோ எவ்வித வாதமும் எம்மிடம் இல்லை.

நீதியாக ஒன்றைச் சொல்லல் வேண்டும். கிழக்கு ஜேர்மனி இந்நோயைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு வழங்கியது. 1990 வரை அவ்வாறு ஏற்கப்பட்ட நுரையீரற் புற்றுநோயாளர் 5,000க்கு மேற்பட்டோர். சிலிக்காத் தூசினால் நுரையீரல் இறுகியோர் 14,000க்கு மேற்பட்டோர். அமெரிக்கத் தொழிலாளி அக்காலத்தில் இவ்வளவையேனும் பெறவில்லை. ஆயினும் இவ்வெண்கள் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. சுரங்கத்தில் இறங்கும் இளைஞன் அவற்றை அறிய வழியிருக்கவில்லை. 1990இன் பின்னர் அந்நிறுவனத்தின் ஏடுகளைக் கொண்டு ஏறத்தாழ 59,000 தொழிலாளரின் வாழ்வும் சாவும் ஆராயப்பட்டன. 2003ஆம் ஆண்டின் முடிவுக்குள் அவர்களுள் 3,000க்கு மேற்பட்டோர் நுரையீரற் புற்றுநோயால் இறந்திருந்தனர்.

இலக்கிய வாசகர் அறிய வேண்டிய பகுதி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. விஸ்மூத்தின் உண்மையைச் சொல்ல முயன்றோர் முதலாளித்துவ எழுத்தாளர் அல்லர், எம்மவரே. செஞ்சேனையிற் பணியாற்றியவரும், பொதுவுடைமை நாடகாசிரியர் பிரீட்ரிக் வொல்பின் மைந்தருமான கொன்ராட் வொல்ப், ‘சூரியனைத் தேடுவோர்’ என்னும் திரைப்படத்தை 1958இல் உருவாக்கினார். சுரங்க முகாம்களின் முரட்டு வாழ்வை அது காட்டிற்று. சோவியத் தரப்பின் ஆட்சேபத்தால் 1959இல் அது நிறுத்தப்பட்டு, 1972இலேயே மக்கள் முன் வந்தது. வேர்னர் ப்ரொய்னிக்கின் கதை இதனினும் துயரமானது. தொழிலாளர் பேனா எடுத்து எழுத வேண்டும் என்று 1959இற் பிட்டர்பெல்ட் நகரில் விடுக்கப்பட்ட புகழ்பெற்ற அழைப்பினை வகுத்தவர் இவரே. இவர் விஸ்மூத்தில் உழைத்தவர். அழைப்பை மெய்யென நம்பித் தாமே எழுத முற்பட்ட பெருநாவலின் ஒரு பகுதி 1965இற் சஞ்சிகையொன்றில் வெளியானது. அவ்வாண்டு டிசெம்பரிற் கட்சியின் மத்திய குழுக் கூட்டத்தில் அது கண்டிக்கப்பட்டது. தொழிலாளரை இழிவுபடுத்தியது என்பது குற்றச்சாட்டு. கிறிஸ்தா வொல்ப் எழுந்து அவருக்காகப் பேசினார். பயனில்லை. நாவல் வெளிவராமலே 1976இல், நாற்பத்திரண்டாம் வயதில், ப்ரொய்னிக் இறந்தார். 2007இல் அந்நாவல் அச்சேறியது. யதார்த்தவாதம் பற்றி நாம் நீண்ட விவாதங்கள் செய்கின்றோம். யதார்த்தத்தை எழுதியவனைத் தன் சொந்தப் பாசறையே வாய்மூடச் செய்த இந்நிகழ்ச்சியும் அவ்விவாதங்களில் இடம்பெறல் வேண்டும்.

இதனைக் கொண்டு மறுபக்கத்தார் மகிழ்ந்துகொள்ள ஏதுமில்லை. 1921இல் அமெரிக்கப் பெண்கள் ஓரிலட்சம் டொலர் திரட்டி மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளித்தனர். அது தாதுமலையிலிருந்து வந்ததன்று. கொலராடோ மேட்டுநிலத்தின் மஞ்சட்பாறையிலிருந்து வந்தது. அம்மேட்டுநிலத்தின் ஒரு பகுதி நவாஜோ என்னும் ஆதிக்குடிகளின் வாழ்நிலம். 1944 முதல் 1986 வரை அவர்களுடைய மண்ணிலிருந்து 3 கோடி தொன் அளவு யுரேனியத் தாது அகழப்பட்டது. ஆடு மேய்த்தும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்த ஆண்கள் மணிக்கு ஒரு டொலருக்குங் குறைந்த கூலிக்குச் சுரங்கத்தில் இறங்கினர். வெடி வைத்த புகை அடங்குமுன்னரே உள்ளே அனுப்பப்பட்டனர். பாறையிற் கசிந்த நீரையே அருந்தினர். தூசு படிந்த உடையோடு வீடு திரும்பினர். சுரங்கக் கல்லைக் கொண்டு வீடு கட்டியோரும் உளர்.

1950இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை இத்தொழிலாளரை ஆராயத் தொடங்கியது. நிறுவனங்கள் ஆய்வுக்கு இடமளித்தன. தொழிலாளருக்கு ஆபத்தைச் சொல்லாதிருத்தல் அதற்கு விலையாக இருந்தது. வைத்தியர் வந்தனர், இரத்தம் எடுத்தனர், மார்பைப் படம் பிடித்தனர், போயினர். ஏன் வந்தனர் என்பதைத் தொழிலாளர் அறியார். ஐரோப்பிய ஆய்வுகளை நன்கறிந்த வில்ஹெல்ம் ஹியூப்பர் என்னும் புற்றுநோய் அறிஞர் 1952இற் கொலராடோ வைத்தியர் சங்கத்தில் இதுபற்றிப் பேச முனைந்தபோது அவர் தடுக்கப்பட்டார். நாடளாவிய கட்டாய அளவுவிதிகள் 1960களின் இறுதியிலேயே வரலாயின. புகைபிடித்ததே நோய்க்குக் காரணம் என நிறுவனங்களின் பக்கம் நின்றோர் வாதித்தனர். நவாஜோ மக்களுட் புகைப்போர் மிகச் சிலர். 1969 முதல் 1982 வரை நுரையீரற் புற்றுநோய் கண்ட 32 நவாஜோ ஆண்களை ஆராய்ந்தபோது அவர்களுள் 23 பேர் யுரேனியச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் எனத் தெரியவந்தது. 1990இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரித் தொழிலாளிக்கு ஓரிலட்சம் டொலர் என வகுத்தது. பலருக்கு அத்தொகையைப் பெற்றுக்கொள்ள எஞ்சியிருந்தோர் விதவைகளே. அக்ரிக்கோலாவின் கார்ப்பேத்தியப் பெண்களை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

ஒரு புறம் தனியார் இலாபம், மறுபுறம் அரசுத் திட்டம். ஆயினும் இரு புறத்திலும் கொள்வோன் ஒருவனே: குண்டு செய்யும் அரசு. விலையையும் வேகத்தையும் அவனே விதித்தான். இரகசியம் என்னுஞ் சட்டத்தையும் அவனே விதித்தான். சுதந்திரமான தொழிற்சங்கமோ வாய்திறக்கும் பத்திரிகையோ புக முடியாத தொழில் ஒன்றில், ஏட்டில் இருந்த அறிவு சுரங்கத்தின் அடிவரை இறங்கவில்லை. உடைமை யாருடையது என்ற வினாவோடு, கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை யாருடையது என்ற வினாவையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கின்றது.

தொழிலாளர் இறந்தனர், கல் இறக்கவில்லை. தாதிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சேற்றில், தாதின் கதிர்த்தொழிற்பாட்டில் நூற்றுக்கு 85 பங்கு அப்படியே கிடக்கும். பிரித்தெடுக்கப்படுவது யுரேனியம் மட்டுமே. ரேடியமும் தோரியமும் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். அதனைத் தோற்றுவிக்கும் தோரியம்-230இன் அரைவாழ்வோ 75,000 ஆண்டுகள். 1979 யூலை 16ஆம் நாள் நியூ மெக்சிக்கோவின் சேர்ச் றொக் என்னுமிடத்தில் இத்தகைய சேற்றணை ஒன்று உடைந்தது. 1,100 தொன்னளவு கழிவும் 9 கோடியே 40 இலட்சம் கலன் அமில நீரும் பியூர்க்கோ ஆற்றிற் பாய்ந்தன. நவாஜோ மக்கள் ஆடு மாடுகளுக்கு நீர் காட்டும் ஆறு அது. நான்கு மாதங்களின் முன்னர் நிகழ்ந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை உலகம் முழுவதும் அறியும். இதனை அறிந்தோர் சிலரே. நவாஜோ நிலத்திற் கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல். 2005இல் அம்மக்கள் தம் மண்ணில் யுரேனியம் அகழ்தலைத் தாமே சட்டத்தாற் தடைசெய்தனர்.

ஜேர்மனியிற் சேற்றேரிகளும் கூம்பு வடிவான கழிவுக் கற்குன்றுகளும் ஊர்களின் நடுவே எழுந்து நின்றன. எல்பே ஆற்றின் அருகேயுள்ள கேனிக்ஸ்டைனில், 1980களில், கல்லை மேலே கொணராது நிலத்தின் அடியிலேயே கந்தகவமிலத்தைப் பாய்ச்சி யுரேனியத்தைக் கரைத்தெடுத்தனர்; அமிலம் ஊறிய அப்பாறையை என்செய்வது என்பது பெரும் பிரச்சினையாயிற்று. இவை பற்றி எழுதுதல் குற்றமாயிருந்த 1988இல், மிக்காயேல் பெலைற்றஸ் என்னும் இளைஞர் திருச்சபையின் பாதுகாப்பில் ‘பெக்பிளெண்டு’ என்ற பெயரோடு ஒரு சிறுநூலைத் தட்டச்சிற் பரப்பினார். அரச உளவுத்துறை அவரைப் பின்தொடர்ந்தது. இரண்டாண்டுகளின் பின்னர் அந்த அரசும் இல்லை; சுரங்கத் தொழிலும் நின்றது.

சோவியத் ஒன்றியம் தன் பாதிப் பங்கை 1991இல் ஜேர்மனிக்கு விட்டுக்கொடுத்துத் துப்புரவுச் செலவின் பொறுப்பிலிருந்தும் நீங்கிக்கொண்டது. ஐக்கியப்பட்ட ஜேர்மன் அரசு அப்பணிக்கென 1,300 கோடி மார்க் ஒதுக்கியது. அதாவது மக்களின் வரிப்பணம். ரொன்னபுர்க்கின் கூம்புக் குன்றுகள் அகற்றப்பட்டு, 10 கோடிக்கு மேற்பட்ட கனமீற்றர் கல்லும் மண்ணும் அருகிலிருந்த பெருங்குழியில் நிரப்பப்பட்டன. 2007இல் அங்கு தேசியப் பூங்காக் காட்சி நடைபெற்றது. செய்ய முடியாததென்று எதுவுமில்லை, பணமும் மனமும் இருந்தால் என்பதற்கு இது சான்று. அதே பணம் நவாஜோ மண்ணுக்கு வரவில்லை. ஷிங்கொலொப்வேக்கு அதன் நிழலும் வரவில்லை.

ஷ்னேபெர்க்கின் அயலிலுள்ள ஷ்லேமா என்னுஞ் சிற்றூர் 1918 முதல் ரேடியம் நீராடலுக்குப் பெயர்பெற்று விளங்கியது. யுரேனிய வேட்டையில் ஊரின் நடுப்பகுதி அடியோடு சிதைந்தது. 1998இல் நீராடு மனைகள் மீண்டும் திறக்கப்பட்டன. மூட்டு நோயாளர் அங்கு வருகின்றனர். ஊரின் அடியிலுள்ள சுரங்க வழிகளை நீர் நிரப்பிவிட்டது. அந்நீரிலிருந்து யுரேனியத்தையும் ரேடியத்தையும் ஆர்செனிக்கையும் பிரித்த பின்னரே அதனை ஆற்றில் விடுகின்றனர். அவ்வேலைக்கு இரவு பகல் என்றில்லை. சுரங்கத்தின் மேல்மட்டங்களிலிருந்து ரேடனை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும் இயங்கிக்கொண்டேயிருக்கின்றன. அவை நின்றால் அவ்வாயு மேலேயுள்ள வீடுகளுக்குட் புகும்.